தஞ்சைக் கல்வெட்டைப் படம்பிடித்த கேப்டன்

லின்னேயஸ் டிரைப் என்ற பெயரை மதுரையிலோ தஞ்சாவூரிலோ சொன்னால் யாருக்கும் தெரிவதில்லை. சில கைடுகளிடம் கேட்டுப் பார்த்தேன். "வெள்ளைக்காரரா சார்? கலெக்டரா இருந்தாரா?" என்றார் ஒருவர். கலெக்டர் இல்லை, கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்துக் கேப்டன். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, 1858 ஏப்ரல் வரை ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று சுற்றிப் படம் எடுத்தவர். வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்கவில்லை. இங்கே இவர் கோபுரங்களுக்கு முன்னால் கேமராவை நிறுத்திக்கொண்டிருந்தார். அந்தப் படங்களில் பல இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. ஃபோனில் இறக்கிக்கொண்டு, அவர் போன வழியில் மதுரையும் தஞ்சையுமாவது பார்த்துவிடலாம் என்று போனேன்.

மதுரையில் முதலில் விளக்குத்தூண். கோட்டைச் சுவரை இடித்து மதுரைக்கு அகலமான வீதிகளைக் கொடுத்த கலெக்டர் பிளாக்பர்னுக்காக நட்ட தூண் அது. டிரைப்பின் படத்தில் சுற்றிலும் வெட்டவெளி. இன்றைக்கு ஜவுளிக்கடைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில் அதைத் தேடித்தான் பார்க்கவேண்டும். அவர் நின்ற இடத்தில் நிற்கலாம் என்று நகர்ந்தால் ஆட்டோக்காரர்கள் திட்டுகிறார்கள்.

அங்கிருந்து பக்கம்தான் புதுமண்டபம். டிரைப்பின் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, அதன் பக்கவாட்டுத் தாழ்வாரத்தை மேற்கிலிருந்து எடுத்த படம். இரண்டு பக்கமும் தூண்கள் வரிசையாக உள்வாங்கிக்கொண்டே போகும். வெயில் இடைவெளிகளில் நுழைந்து தரையில் பட்டை பட்டையாக விழுந்திருக்கும். ஒரு ஆள்கூட இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கே தையல் மெஷின் சத்தமும் பாத்திரக்கடை சத்தமும்தான். இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். வெளியிலிருந்து எட்டிப் பார்த்தபோது 1858க்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டதுபோல் இருந்தது.

திருமலை நாயக்கர் மகாலை அவர் பார்த்தபோது அது பாதி இடிபாடு. விரிசல் விட்ட சுவர், அதில் முளைத்த செடி எல்லாம் படத்தில் தெரிகிறது. அதற்குப் பத்து வருடம் கழித்துத்தான் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு நாம் அண்ணாந்து பார்க்கும் சுதையில் எது பழசு, எது ஒட்டுப்போட்டது என்று தெரிந்துகொள்ள அந்தப் படங்கள் உதவுகின்றன.

படங்களில் ஆள் ஏன் இல்லை என்று கேட்கலாம். அவர் பயன்படுத்தியது பெரும்பாலும் மெழுகேற்றிய காகித நெகடிவ். நல்ல காகிதத்தில் மெழுகை உருக்கித் தேய்த்து, ரசாயனத்தில் ஊறவைத்துக் காயவைத்து, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி எடுத்தால் தாள் தயார். என்லார்ஜ்மெண்ட் கிடையாது, படம் எவ்வளவு பெரிதோ நெகடிவும் அவ்வளவு பெரிது, ஏறத்தாழ 10க்கு 14 அங்குலம். அதற்கேற்ற கேமராவைத்தான் வண்டியில் ஏற்றிவந்தார். ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்கவேண்டும். அதற்குள் நடந்துபோகிறவர்கள் பதியமாட்டார்கள். அதோடு அவருக்கே வெறிச்சென்ற இடம்தான் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். கட்டடத்தை அளந்து பார்க்கும் ராணுவக் கண் அது. பூசை நடந்துகொண்டிருந்த கோயில்களை ஆளில்லாத பாழடைந்த இடங்கள்போலக் காட்டிவிட்டார் என்ற குறை எனக்கு உண்டு.

வானத்திலும் ஒரு வேலை செய்திருக்கிறார். அந்தக்கால நெகடிவுக்கு நீல நிறம் தாங்காது. வானம் வெளுத்தோ திட்டுத்திட்டாகவோ போய்விடும். அதனால் நெகடிவின்மேல் தூரிகையால் மேகம் வரைந்து சேர்த்துவிடுவார். மரங்களின் இலையையும் தொட்டுத் திருத்துவார். தெரிந்துகொண்டு பார்த்தால் சில மேகங்கள் சந்தேகத்துக்கு இடமான அழகோடு இருக்கின்றன!

1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் ஒரு மருத்துவர் வீட்டில் பிறந்தவர் டிரைப். பதினாறு, பதினேழு வயதில் கம்பெனிப் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் ஊருக்குப் போனபோது கற்றுக்கொண்டதுதான் புகைப்படக்கலை. திரும்பி வந்ததும் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்தார்; 1855இல் சென்னைக் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. அதே வருடம் பர்மா அரசரைப் பார்க்கப்போன தூதுக்குழுவோடு அனுப்பப்பட்டு, 120 காட்சிகள் கொண்ட தொகுப்பை முடித்தார். அப்புறம்தான் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் என்ற பதவி.

சரி, தஞ்சாவூருக்கு வருவோம். நான் போனதே இதற்காகத்தான்.

பெரிய கோயிலில் எல்லோரும் தலையைத் தூக்கி விமானத்தைப் பார்ப்பார்கள். டிரைப் குனிந்து அடித்தளத்தைப் பார்த்தார். விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டை, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 21 படங்களாக எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி. ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்து அதே தூரம், அதே உயரம் வேண்டும். வெயில் நகர்ந்தால் எழுத்தின் நிழல் மாறிவிடும். ஃபோனில் பனோரமா எடுத்தாலே எனக்குக் கோணிவிடுகிறது.

அந்த எழுத்தை அவரால் படிக்க முடியாது. அவருக்கென்ன, இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதிலேயே அன்று ஊரில் ஆளுக்கொரு கதை. ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் ஹூல்ட்ஷ் இங்குள்ள கல்வெட்டுகளைப் படித்து, கட்டியவன் ராஜராஜன் என்று நிறுவியது 1886இல். "நாங் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று தன் கொடையையும் அக்கா குந்தவையின் கொடையையும் சேர்த்துக் கல்லில் வெட்டச்சொன்ன அரசனின் பெயர் மறந்துபோயிருந்த காலத்தில், அந்தக் கல்லை ஒருவர் வரிவரியாகப் படம்பிடித்திருக்கிறார். கல்வெட்டைப் பதிவுசெய்யக் கேமரா உதவும் என்று இத்தனை சீக்கிரம் செய்துகாட்டியவர்கள் மிகக் குறைவு. இதற்காக மட்டுமே அவரைப் பாடப்புத்தகத்தில் சேர்க்கலாம்.

நான் தெற்குப் பக்கம் உட்கார்ந்து ஃபோனையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற ஒரு பாட்டி, "என்னப்பா, ஏதாவது தொலைச்சிட்டியா?" என்றார். படத்தைக் காட்டினேன். "அட, நம்ம கோயிலு!" என்று பெரிதாக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "செவுரு அப்படியேதான் இருக்கு" என்று நகர்ந்தார்.

இவ்வளவு செய்தவருக்கு நடந்தது என்ன? 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், கஜானா இருக்கும் நிலையில் புகைப்படம் பெரிய ஆடம்பரம் என்று சொல்லி அந்த வேலையையே நிறுத்திவிட்டார். கலகத்துக்குப் பிறகு பணமுடை இருந்தது உண்மைதான். ஆனால் வெட்டுவதற்கு இதுவா கிடைத்தது? டிரைப் பட்டாள வேலைக்குத் திரும்பினார். பிறகு பர்மாவில் எடுத்த சில படங்களோடு சரி. 1870களில் ஓய்வுபெற்று டெவன்போர்ட்டுக்கே போய், 1902இல் இறந்தார். 2014, 2015இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று அவர் படங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. தஞ்சாவூரில் ஒரு பலகைகூட இல்லை.

போகிறவர்களுக்கு: உச்சிவெயிலில் போகாதீர்கள், கல்தரை காலைப் பொரித்துவிடும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது போனால் எழுத்துகள் நன்றாகத் தெரியும். பிரிட்டிஷ் லைப்ரரி, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் இரண்டிலும் டிரைப்பின் படங்கள் இருக்கின்றன, முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். எனக்கு உள்ளே சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை. நேரம் இருந்தால் கோட்டை மேட்டில் கிடக்கும் பெரிய பீரங்கியையும் பார்த்துவிடுங்கள், அதையும் அவர் விட்டுவைக்கவில்லை.