ஒருவழியாகக் கூட்டை விட்டு வந்தது ரம்ப ஈ

மொட்டைமாடியில் வளர்த்த முள்ளங்கிப் புழு இந்தத் தடவை முழுசாகப் பூச்சியாகிவிட்டது. ஆரஞ்சு உடம்பு, கறுத்த தலை, புகை படிந்த மாதிரி நாலு சிறகு. கடுகு ரம்ப ஈ, அத்தாலியா லூகென்ஸ். குளவிக் கூட்டம்தான், ஆனால் இடுப்பு ஒடுங்கியிருக்காது, கொட்டவும் கொட்டாது.

புழுவை அடையாளம் காண்பதில் சிரமமே இல்லை. வயிற்றில் எட்டு ஜோடிப் போலிக்கால் (மூட்டில்லாத சதைக்கால்) இருந்தால் ரம்ப ஈ. ஐந்துக்கு மேல் போகாவிட்டால் அந்துப்பூச்சிப் பக்கம் தேடுங்கள். தலையில் பக்கத்துக்கு ஒரே ஒரு கண். தொட்டதும் சுருண்டு கீழே விழுந்து செத்த மாதிரி நடிக்கும். காலை, மாலை மேய்ச்சல். வெயில் ஏறினால் ஆளைக் காணோம்.

உயிரை வாங்குவது மண்தான். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி என்றால் ஒரு குச்சி போதும், தானே தொங்கிக்கொள்ளும். இது மண்ணுக்குள் போய்க் கூடு கட்டுகிறது. காய்ந்தால் புழு சுருங்கிவிடும், ஈரம் கூடினால் பூஞ்சை. எல்லாரும் சொல்லும் தென்னை நார்க்கழிவு எனக்கு ஒத்துவரவே இல்லை. மேலே உலர்ந்து தெரியும், உள்ளே நொதநொதவென்று கிடக்கும். இப்போது செம்மண்ணை இருப்புச்சட்டியில் வறுத்து, சலித்து, ஆறவைத்து, வளர்ப்புப் பாட்டிலில் நாலு விரல்கடை போடுகிறேன். தண்ணீர் மேலே தெளிப்பதில்லை, பாட்டில் சுவரோரம் சிரிஞ்சில் மட்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. பாட்டிலைச் சுற்றிக் கறுப்புத் தாள் கட்டினால், இருட்டென்று நம்பிச் சில புழுக்கள் கண்ணாடியை ஒட்டியே கூடு கட்டும். தாளை விலக்கிப் பார்த்தேன். நீள்வட்டக் கூடு, வெளியே மண் துகள் அப்பியிருந்தது.

இலைக்குக் கடையை நம்ப வேண்டாம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-ல் திறந்த மதுரை இது, முள்ளங்கிக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்தக் கட்டில் மருந்து அடித்திருக்கிறது என்று யார் கண்டது? நானே பையில் விதைத்துவிட்டேன். விதை கிலோக்கணக்கில்தான் தருவேன் என்று ஒரு கடைக்காரர் அடம்பிடித்தார். மாடி முழுக்க முள்ளங்கி போட்டு நான் சாம்பாரா விற்கப் போகிறேன்?

பெண் ஈ ரம்பம் போன்ற உறுப்பால் இலை விளிம்பைக் கீறி முட்டையைச் செருகுவதை இன்னும் படம் பிடிக்கவில்லை. லென்ஸ் கிட்டப் போனாலே பறந்துவிடுகிறது. அதற்குள் அடுத்த ஆசை. இணை சேராத பெண்ணைத் தனியே விட்டால் முட்டையெல்லாம் ஆணாகவே பொரிக்கும், அதைப் பார்த்தாக வேண்டும். அப்புறம், இதன் உறவுக்கார அத்தாலியா ரோசே ஜப்பானில் கிளெரோடெண்ட்ரம் என்ற செடியின் இலையைச் சுரண்டித் தின்பது தெரிந்த விஷயம். நம்ம சங்கங்குப்பியையும் முன்பு அதே பேரினத்தில்தான் சேர்த்திருந்தார்கள், இப்போது பிரித்துவிட்டார்கள். நாகமலைப் பக்கம் யார் வீட்டு வேலியிலாவது இருந்தால் ஒரு கொப்பு ஒடித்துத் தாருங்கள், பாட்டிலில் வைத்துப் பார்க்கிறேன்.