பின் உள்ள போகலன்னா உடனே டிரில்ல தூக்காதீங்க

நான் வரைஞ்சு ஆர்டர் போட்ட பத்து சர்க்யூட் போர்டும் வந்துருச்சுன்னு ஆசையா பார்சலப் பிரிச்சு, மொத வேலையா ஹெடர (வரிசையா பின் இருக்கிற கனெக்டர்) எடுத்து வச்சு அமுத்தினா உள்ள இறங்கவே மாட்டேங்குது. நுனி மட்டும் ஓட்டை வாயில உக்காருது, அவ்ளோதான். சாதாரண ஹெடர் பின்னு 0.64 மி.மீ. சதுரம், சரி 0.8 ஓட்டை தாராளமா போதும்னு வரைஞ்சிருந்தேன். ஆனா வட்ட ஓட்டைக்குள்ள சதுரம் போகணும்னா மூலைக்கு மூலைதான அளக்கணும், அது 0.9 வருது. அங்கதான் கணக்கு தப்பிருச்சு.

அவசரத்துல மொத போர்டுல 1 மி.மீ. பிட்ட வச்சு கையாலயே சுத்தி ஓட்டைய பெருசாக்கிட்டேன். பின் அழகா உக்காந்துச்சு, சால்டர் பண்ணி பவர் குடுத்தா ரெண்டு லைன்ல உயிரே இல்ல. மல்டிமீட்டர வச்சா மேல் பேடுக்கும் கீழ் பேடுக்கும் (ஓட்டையச் சுத்தி இருக்கிற செம்பு வளையம்) பீப் வரல. பிட்ட வெளிச்சத்துல திருப்பிப் பாத்தேன், அதோட பள்ளத்துல செம்பு சன்னமா சுருண்டு ஒட்டிட்டு இருந்துச்சு. ஓட்டைச் சுவர்ல இருந்த பிளேட்டிங் அது, மேலயும் கீழயும் இணைக்கிறதே அதுதான், சும்மா 25 மைக்ரான் கனம்தான் இருக்கும், பிட்டு பட்டா நிக்குமா?

மேலயும் சால்டர் வச்சா சரியாயிடும், ஆனா ஹெடரோட பிளாஸ்டிக் பேட மூடிக்குது, அயர்ன் நுனி போகாது. அதனால ஹெடர கழட்டிட்டு, மெல்லிசான ஒத்த இழை கம்பிய ஓட்டை வழியா விட்டு மேல் பேட்ல படுக்க வச்சு சால்டர் பண்ணிட்டு, அப்புறம் பின்ன சொருகுனேன். சதுரப் பின்னோட தட்டைப் பக்கத்துல சின்னதா சந்து இருக்கும், இழை அதுல அடங்கிக்கும். பீப் வந்துருச்சு. நாலு லேயர் போர்டுன்னா இந்த வேலையே வேண்டாம், உள் லேயர் இணைப்பு அறுந்தா எட்டவே முடியாது. டிரில் பண்ணியே ஆகணும்னா மாஸ்க் போட்டுக்கோங்க, வர்றது கண்ணாடி இழைத் தூள், நெஞ்சுக்கு நல்லதில்ல.

மிச்சம் ஒம்பது போர்டுக்கும் ஓட்டையத் தொடவே இல்ல. ஊசி அரத்தால பின்னோட நாலு மூலையையும் லேசா சீவினேன், ஒவ்வொரு மூலைக்கும் மூணு நாலு இழுப்பு போதும். மேல் பூச்சு போயிரும், அதனால சால்டர் ஒட்ட உதவுற ஃப்ளக்ஸ் தடவி சூட்டோட சூடா சால்டர் வச்சிடணும். பொறுமை இல்லன்னா கடைஞ்ச உருண்டைப் பின் ஹெடர் வாங்கலாம், அது இன்னும் ஒல்லி, ஆனா அதுமேல சொருகுற பீமேல் சாக்கெட் லூசா நிக்குதான்னு பாத்துக்கோங்க.

இன்னொரு வகை கோளாறு இருக்கு, ஓட்டை சைஸ் சரியாவே இருக்கும், பின்னுக்குப் பின் இடைவெளிதான் தப்பு. எக்ஸ்ஹெச்ங்கிற வயர் கனெக்டருக்கு 2.5 மி.மீ., ஹெடருக்கு 2.54, ஒண்ணுக்கு வரைஞ்ச ஓட்டைல இன்னொண்ண சொருகுனா வர்ற கோளாறு இது. ரெண்டு மூணு பின்னுன்னா தெரியாது, பத்து பின்னுல கடைசிப் பின் 0.36 தள்ளிப் போயிரும். அப்ப நடுப் பின்ன மொதல்ல இறக்கி ரெண்டு பக்கமும் சமமா வளைச்சு விட்டா பெரும்பாலும் உக்காந்துரும்.

இப்பல்லாம் ஓட்டைய 1.0 இல்லன்னா 1.1 வைக்கிறேன், இடைவெளிக்கு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி 100 சதவீத அளவுல பேப்பர்ல பிரிண்ட் எடுத்து கனெக்டர அதுலயே குத்திப் பாத்துடறேன்.