புதன்கிழமை கொண்டு போங்கள்: ஒரு மில்காரனின் அலைச்சல்

போன கிழமைதான் ஈ.பீ.எல். கைக்கு வந்தது. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் என்று முழுப் பெயரைச் சொன்னால் எங்கள் அரிசி மில்லில் வேலை செய்பவர்களுக்கே விளங்காது. கழிவுத் தண்ணீர், புகை, சத்தம் எல்லாம் எல்லைக்குள் இருக்கிறது என்று காட்டி எடுக்க வேண்டிய பத்திரம். மார்ச்சில் தொடங்கி ஒக்டோபரில் முடிந்தது. அதில் பாதிக்காலம் வீண் அலைச்சல். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரைப் பக்கம் இன்னும் இரண்டு பேர் பொயிலர் வைக்கப் போவதாகக் கேள்வி. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மண்டூர்ப் பக்கம் எங்கள் மில். அப்பா இருந்தபோது பச்சையரிசி மட்டும் குத்தினோம். நான் பொயிலர் வைத்துப் புழுங்கலுக்கு மாறியதும் பழைய பத்திரம் செல்லாமல் போய்விட்டது. குத்துவதில் தூசியும் சத்தமும்தான் பிரச்சினை. அவிப்பதில் ஊறல் தண்ணீர், புகை, சாம்பல் என்று எல்லாமே சேர்ந்துகொள்ளும். வியாபாரப் பதிவு, பொயிலர் பரிசோதனைச் சான்று எல்லாம் சிக்கலில்லாமல் கிடைத்தன. காணி உறுதி தாத்தாவின் பெயரில் இருந்ததால் ஒரு மாதம் போனது. உள்ளூரில் எடுக்க வேண்டிய ஒரு சிபாரிசுக் கடிதத்துக்கு மூன்று தரம் போனேன். மூன்று தரமும் "கையெழுத்து வைக்கிறவர் கூட்டத்துக்குப் போயிட்டார், மறுகா வாங்க" என்ற ஒரே பதில். நான்காம் தரம் காலை எட்டரைக்கே போய் வாசல் வாங்கில் உட்கார்ந்துகொண்டேன். அரை மணித்தியாலத்தில் கிடைத்துவிட்டது.

உண்மையான கதை தண்ணீரில்தான் தொடங்குகிறது.

ஊறல் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை மூன்று தாழிகளில் தேக்கித் தெளிய வைத்து வெளியே விடுகிறோம். அந்தக் கடைசி வாயில் எடுத்த மாதிரிக்கு பீ.ஓ.டி. அறிக்கை வேண்டும். தண்ணீரிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஒட்சிசன் தேவை என்ற கணக்கு அது; கூடினால் அழுக்குக் கூட. வெளி மாவட்டத்தில் ஓர் ஆய்வுகூடத்துக்குப் போன் எடுத்தேன். "வேலை நாளில் எப்பவும் கொண்டு வாங்க" என்றார்கள். ஞாயிறு மாலை மில் ஓடிக்கொண்டிருக்கும்போது பெரிய சோடாப் போத்தல் ஒன்றைக் கழுவி நிரப்பினேன். மீன் விற்கும் தம்பியிடம் ரெஜிபோம் பெட்டி இரவல் வாங்கி ஐஸ் போட்டு, திங்கள் விடிய வாவியைக் கடக்கும் பாதையில் (மிதவைப் படகில்) ஏறிக் குருமண்வெளியில் இறங்கி, களுவாஞ்சிக்குடியில் பஸ் பிடித்தேன். போய்ச் சேர்ந்தபோது ஐஸ் தண்ணீராகி, பெட்டி முழுக்கச் சூரை மீன் வாடை.

அங்கே இருந்த மிஸ் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இது அஞ்சு நாள் டெஸ்ட். இன்டைக்கு வச்சா சனிக்கிழமைதான் எடுக்கணும். சனிக்கிழமை ஆர் வாறது?" என்றார். செவ்வாய் வைத்தால் ஞாயிறு. ஆக புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள்தான் வாங்குவார்களாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். எரிச்சலில் ஏதோ சொல்லிவிட்டேன், அவரும் பதிலுக்குச் சொன்னார். அது கிடக்கட்டும். போத்தலும் சரியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சோடாப் போத்தலில் சீனி ஒட்டியிருந்தால் கணக்கே பிழைத்துவிடும். ஆய்வுகூடத்துப் போத்தலை முன்கூட்டியே வாங்கி, உள்ளே காற்று நிற்காமல் விளிம்பு வரை நிரப்பி, இடமும் நேரமும் எழுதி, கரையாத அளவு ஐஸில் வைத்து, இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் கொண்டு போய்ச் சேருங்கள். அடுத்த கிழமை புதன் போனேன். முகம் மலர்ந்து வாங்கினார்கள், வேறு ஆள்.

அறிக்கை வந்தபோது வயிறு கலங்கிவிட்டது. பீ.ஓ.டி. லீற்றருக்கு 142 மில்லிகிராம். வாய்க்கால், ஆறு, குளம் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் விடுவதற்கான எல்லை 30. அவ்வளவு கீழே கொண்டுவர வேண்டுமென்றால் காற்றூட்டும் இயந்திரம், மோட்டர், மாதாமாதம் மின்சாரப் பட்டியல். நான் மில்லை விற்றாலும் அந்தக் கணக்கு சரிவராது.

நிலைமையைக் காப்பாற்றியவர் பார்வையிட வந்த அதிகாரிதான். பழைய ஆள், நெல் தெரிந்தவர். விண்ணப்பப் படிவத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணி எங்க போகுது என்ட கேள்விக்கு வாய்க்கால் என்டு எழுதியிருக்கீங்க. பின்னால நிக்கிற தென்னை ஆற்றது?" என்றார். எங்களுடையதுதான், ஒன்றரை ஏக்கர். குழாய் வாய்க்கால் ஓரமாகப் போகிறது என்பதால் யோசிக்காமல் அப்படி எழுதியிருந்தேன். பாசனத்துக்காக நிலத்தில் விடும் தண்ணீருக்கு விதி வேறு. அங்கே எல்லை 250. அந்த ஒரு சொல்லால் எனக்குப் பெருந்தொகைச் செலவு வந்திருக்கும். படிவம் நிரப்பும்போது அந்தக் கேள்வியில் பத்து நிமிடம் செலவழியுங்கள். ஆனால் எழுத்தில் மட்டும் தென்னை என்று போட்டுவிட்டு வாய்க்காலுக்கே விடலாம் என்று நினைக்க வேண்டாம். எங்களைக் குழாயை அறுத்துவிட்டு மோட்டர் வைத்துத் தோட்டத்துக்குத் திருப்பச் சொன்னார்கள், திரும்பி வந்தும் பார்த்தார்கள்.

இரண்டாம் வருகையில் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. "மாரியில தென்னங்காணி தண்ணி குடிக்குமா?"

குடிக்காதுதான். கார்த்திகை, மார்கழியில் எங்கள் நிலம் தானே தண்ணீரில் நிற்கும். தாழிகள் நிரம்பி வழிந்தால் ஊறல் தண்ணீர் வெள்ளத்தோடு பக்கத்து வயலுக்குப் போகும். சாம்பலும் அப்படித்தான். ஐந்து தொன் நெல்லுக்குக் கிட்டத்தட்ட ஒரு தொன் உமி, அதை எரித்தால் இருநூறு கிலோ அளவில் சாம்பல். ஒரு கிழமைக்குள் குவியல் மலையாகிவிடும். முந்தைய மாரியில் எங்கள் சாம்பல் கரைந்து பக்கத்து வயல் வரம்பு கறுத்துப்போனது. அந்த அண்ணன் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. வழக்குப் போடாதது அவர் குணம்.

எனவே தாழியின் வரம்பை வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டும், சாம்பலைக் கூரையுள்ள மேடையில் வைக்க வேண்டும் என்று நிபந்தனை வந்தது. வெள்ள மட்டம் எது? இரண்டு அலுவலகங்களில் கேட்டேன். ஒன்றில் மற்றதைக் கையைக் காட்டினார்கள், மற்றதில் எழுதிக் கேட்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

அப்போதுதான் நெல்லுக் களஞ்சியச் சுவர் ஞாபகம் வந்தது. 2011 ஜனவரி வெள்ளத்தில் அப்பா தார் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் திகதியும் எழுதி வைத்திருந்தார். வெள்ளை அடிக்கும்போதெல்லாம் நான் அதை அழிக்கப் பார்த்தவன். நில அளவையாளர் அந்தக் கோட்டிலிருந்து மட்டம் பிடித்து வரைபடத்தில் குறித்தார். அதிகாரி சுவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார். கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரம்பு கட்டினோம். இப்போது கார்த்திகையில் நெல் ஊறவைப்பதில்லை. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில்தான், அதனால் வியாபாரமும் கெடவில்லை. இதையும் எழுதிக் கொடுத்தோம், அதுவும் நிபந்தனையில் ஏறியிருக்கிறது.

சாம்பலை இப்போது செங்கல் சூளைக்காரர் ஒருவர் ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டு போகிறார். காசு தருவதில்லை, ஆனால் கேட்பதுமில்லை. சத்தத்தைப் பற்றி ஒரு வரி: பிரதேச சபை எல்லைக்குள் பகலுக்கு 55 டெசிபெல், இரவுக்கு 45. விடியப்புறம் இரண்டு மணிக்கு ஊதுகாற்றி (புளோவர்) போடும் பழக்கமுள்ளவர்கள் அதை முதலில் நிறுத்துங்கள். எங்களுக்கு இதில் மட்டும்தான் ஒரே தடவையில் சரி வந்தது. ஊதுகாற்றி அறைக்கு அப்பா கட்டிய செங்கல் சுவர்தான் காரணம்.

மீன்காரத் தம்பி பெட்டியைத் திருப்பிக் கேட்கிறான். புதுப்பிக்கும்போது திரும்ப மாதிரி எடுக்க வேண்டும், தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.