எஸ்எம்பிஎஸ்ஸில் தொடங்கிய கம்ப்யூட்டர்

"என்ன பிராசசர் போடப் போறீங்க?" வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி இதுதான். என் பட்டியலில் பிராசசருக்கு மூன்றாவது இடம்தான். பெட்டி எங்கே இருக்கப் போகிறது என்பதை வைத்துத்தான் நான் பட்டியல் போட்டேன். வீடு கடலூரில், தேவனாம்பட்டினம் பக்கம். ஏசி இல்லாத அறை. ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று. ஐப்பசி, கார்த்திகை வந்தால் மழையோடு கரண்டும் போய்ப் போய் வரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் ஊருக்கும் பாண்டிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. அதைப் பார்த்தவர்களுக்கு மின்சாரம் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் வீட்டில் இருக்கின்றன. மீதிக்கு 35,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். வேலை என்று பார்த்தால் போட்டோ எடிட்டிங், சின்னச் சின்ன வீடியோ வெட்டி ஒட்டுவது, மகளுடைய கல்லூரிப் பாடத்துக்குப் பைதான். பெரிய கேம்கள் கிடையாது.

முதல் இடம் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, அதாவது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளைக்கு. கேபினெட் (வெளிப்பெட்டி) வாங்கினால் உள்ளேயே ஒன்றை மாட்டித் தருவார்கள். ஸ்டிக்கரில் 450 வாட் என்று பெரிதாக இருக்கும். பார்க்க வேண்டியது அந்த எண்ணை அல்ல, கீழே பொடி எழுத்தில் உள்ள கட்டத்தை. இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரத்தை எடுப்பது 12 வோல்ட் லைனிலிருந்துதான். அந்தக் கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால் கணக்கு 192 வாட்தான். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே இடத்தில் 36 ஆம்பியர் அளவில் இருக்கும். நான் கட்டப் போகும் மெஷின் முழு வேகத்தில் ஓடினாலும் 150 வாட்டைத் தாண்டாது. அப்படியானால் 192 போதாதா என்று கேட்கலாம். ஓடத்தான் ஓடும். ஆனால் வோல்டேஜ் எகிறும்போதும் ஷார்ட் ஆகும்போதும் தன்னை அணைத்துக்கொள்ளும் பாதுகாப்பு வேண்டும் என்றுதான் தனியாக ஒன்று வாங்கினேன். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze, வெண்கலம்) முத்திரை உள்ளது. அந்த முத்திரை மின்சிக்கனத்துக்கு மட்டும்தான். பாதுகாப்புக்கான சான்று என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். பாதுகாப்பு விவரம் பெட்டியின் பக்கவாட்டில் தனியாக இருக்கும்.

அடுத்தது இன்வெர்ட்டர். தனி யூபிஎஸ் வாங்கினால் பட்ஜெட் உதைக்கும். வீட்டில் ஏற்கெனவே சைன்வேவ் இன்வெர்ட்டர் (மெயின் கரண்டைப் போலவே வளைந்த அலையாகத் தருவது) இருக்கிறது. கரண்டு போன பிறகும் எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் என்ற கம்ப்யூட்டர் பாகங்களுக்கான தர வரையறை. இன்வெர்ட்டர் அதற்குள் பேட்டரிக்கு மாறிவிட்டால் கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. பல இன்வெர்ட்டர்களின் பின்னால் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும். சாதா மோடில் ஃபேனும் லைட்டும் ஒன்றும் சொல்லாது, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். ஸ்கொயர்வேவ் (சதுர அலை) இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இந்த வழியை நம்ப வேண்டாம், ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டை மெயின் அலையோடு ஒத்து இழுக்க வைக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்கள் அதோடு முரண்டு பிடிக்கக்கூடும்.

எர்த்தையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொண்டேன். கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறது என்று பல வீடுகளில் சொல்வார்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் எர்த் வயரோடு இணைந்திருக்கும்; எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டின் தகரம் மெயின் வோல்டேஜில் பாதி அளவுக்கு மிதந்து நிற்கும். கரண்டு மிகக் குறைவுதான், ஆனாலும் அந்த நிலையில் யூஎஸ்பி குத்தவே எனக்குக் கை வராது.

சரி, பிராசசர். கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு. இன்டெல் ஐ3-12100: நான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). ஏஎம்டி ரைசன் 5 5600ஜி: ஆறு கோர், பன்னிரண்டு திரெட், திரையில் படம் காட்ட உள்ளேயே வேகா கிராபிக்ஸ். டைப்பிங், கணக்கு, பிரவுசர் மட்டும் என்றால் ஐ3 தாராளம். எனக்கு வீடியோ இருப்பதால் 5600ஜி. அதே ஐ3-யில் பெயருக்குப் பின்னால் 'எஃப்' போட்டு விலை குறைவாக ஒன்று வரும். அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாமல் திரையில் ஒன்றும் வராது. மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு செலவு வைக்கும் எழுத்து அது.

எல்லாப் பாகங்களையும் மாட்டும் மதர்போர்டு ஏ520 வகை. ஓவர்கிளாக் செய்ய, அதாவது பிராசசரைக் குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்ட, முடியாது; எனக்கு வேண்டவும் வேண்டாம். பழைய மானிட்டரில் விஜிஏ என்ற பழைய வகை கேபிள் இணைப்பு மட்டும்தான் இருக்கிறது என்பதால் விஜிஏ உள்ள போர்டாகத் தேடினேன். ஏ520 வந்தது 2020-ல், 5600ஜி வந்தது 2021-ல். கடையில் தூங்கிக்கொண்டிருந்த பழைய ஸ்டாக்கைக் கொடுத்துவிட்டால் பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்யாமல் 5600ஜி அதில் ஓடாது. அதனால் பெட்டியில் ரைசன் 5000 ரெடி ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பணம் கொடுத்தேன்.

ரேம்தான் இப்போது வயிற்றெரிச்சல். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் போய்ச் சேருவதால் 2025 கடைசியிலிருந்து விலை ஏறிவிட்டது. விலையில் பிராசசரை ஒட்டி வந்து நின்றது ரேம். தெரிந்த ஒருவர் புதிய தலைமுறை ரேமான டிடிஆர்5-க்கு மாறியதால் அவருடைய முந்தைய தலைமுறை டிடிஆர்4, 3200 வேகம், 8 ஜிபி இரண்டை வாங்கிக்கொண்டேன். பழைய ரேம் பயப்பட வேண்டிய பொருள் அல்ல. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்டு ஒரு ராத்திரி ஓட விட்டால் உண்மை தெரிந்துவிடும். பழைய பிராசசரும் வாங்கலாம், ஏஎம்4-ல் (5600ஜி உட்காரும் சாக்கெட் வகை) பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும் என்பதால் வளைந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ் மட்டும் இனாமாக வந்தாலும் வேண்டாம்.

ஒரே 16 ஜிபி ஸ்டிக்கை விட இரண்டு 8 ஜிபி நல்லது என்பதற்குக் காரணம் இருக்கிறது. உள் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். இரண்டு ஸ்டிக் போட்டால் டூயல் சேனலில் ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே டேட்டா போகும் வழி இரட்டிப்பாகும். ஒற்றை ஸ்டிக்கில் 5600ஜி-யை ஓட்டுவது அதன் கையைக் கட்டிப்போடுவதுதான்.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 500 ஜிபி, வேகமான என்விஎம்இ வகை, ஜென்3 (மூன்றாம் தலைமுறை இணைப்பு). ஜென்4 வாங்கச் சொல்லிக் கடையில் கொஞ்சம் வற்புறுத்தினார்கள். 5600ஜி-யே ஜென்3 வரைதான். அதிகக் காசு கொடுத்தாலும் அதே வேகம்தான்.

வாங்கியது பெரும்பாலும் பாண்டியில். ஜிஎஸ்டிக்கு முன்னால் வரி குறைவு என்று எலக்ட்ரானிக்ஸ் வாங்க எல்லையில் உள்ள முள்ளோடை தாண்டிப் பாண்டிக்குப் போவது எங்கள் பக்கம் வழக்கம். 2017 ஜூலைக்குப் பிறகு வரி இரண்டு பக்கமும் ஒன்றுதான், இந்தப் பாகங்களுக்கு 18 சதவீதம். ஆனாலும் அங்கே கடைகள் அதிகம். சென்னை ரிச்சி தெருவில் இன்னும் மலிவாகக் கிடைக்கலாம். ஏதாவது பழுதானால் வாரண்டிக்கு யார் தூக்கிக்கொண்டு போவது? பில் போடாமல் கொடுத்தால் குறைத்துத் தருகிறேன் என்றார் ஒரு கடைக்காரர். "அண்ணே, வாரண்டிக்கு நாளைக்கு உங்க பேரையா சொல்லுறது?" என்றதும் சிரித்துக்கொண்டே பில் புத்தகத்தை எடுத்தார்.

போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து பிராசசர், கூலர், ரேம் மட்டும் மாட்டி, போர்டில் பவர் சுவிட்ச் வயர் மாட்டும் பின் இரண்டையும் ஸ்குரூ டிரைவரால் தொட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தேன். பயாஸ் திரை வந்தது. பிறகுதான் கேபினெட்டில் ஏற்றினேன். கேபினெட் முன்பக்கம் வலை வைத்தது. கண்ணாடி முகப்பு அழகுதான், காற்று போகாது. தரையில் வைக்காமல் மேசை மேல் வைத்திருக்கிறேன், மழைக்காலத்தில் எங்கள் தெரு எப்படி இருக்கும் என்பது தெரியும்.

ரேம் முதலில் 2400-ல்தான் ஓடியது. பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதற்குக் குறித்த முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டதும் 3200 ஆனது. மதிய வெயிலில் பிராசசரை முழு வேகத்தில் ஓட்டும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட விட்டபோது அதன் வெப்பம் 80 டிகிரியை ஒட்டி நின்றது. 5600ஜி-க்கு உச்ச வரம்பு 95 என்பதால் பெட்டியோடு வந்த கூலரே இப்போதைக்குப் போதும். வீடியோ ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயினை அணைத்தும் பார்த்தேன். யூபிஎஸ் மோடில் அசையவில்லை. சாதா மோடில் ரீஸ்டார்ட் ஆனது.

இப்போது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் ஓடுகிறது, தமிழ்99 கீபோர்டு முறையில்தான் இதைத் தட்டுகிறேன். பின்பக்கத்துக்கு ஒரு 120 மிமீ ஃபேன் வாங்க வேண்டும். முன்வலைக்குத் தூசி ஃபில்டர் வேண்டும். போட்டோக்களுக்குத் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க் வேண்டும், அதைப் புதிதாகத்தான் வாங்குவேன். கிராபிக்ஸ் கார்டு பற்றி மகள் பேச ஆரம்பித்திருக்கிறாள். அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.