பதினாறாவது வார்டு

பேரூராட்சியில் செயல் அலுவலராக இருந்தவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் எப்படிப் போகும் என்று தெரியும். ஒரு பக்கம் சொத்து வரி நிலுவை வசூல். காலையில் கிளம்பும் பில் கலெக்டர் இருட்டிய பிறகுதான் திரும்புவார். இன்னொரு பக்கம் அடுத்த நிதியாண்டுக்கான பட்ஜெட். ஒவ்வொரு மெம்பரும் தன் வார்டுக்கு வேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வருவார்.

நான் கடைசியாக வேலை பார்த்த ஊரில் 15 வார்டுகள். 2016இல் உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோன பிறகு ஐந்து வருடங்களுக்கு மேல் மன்றமே இல்லை. ஃபைல்கள் வேகமாக நகர்ந்தன, உண்மைதான். ஆனால் எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்று அலுவலகப் படியேறி வந்து சண்டை போட ஆள் இல்லை. அந்தச் சண்டை எவ்வளவு அவசியம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. மார்ச் 2ஆம் தேதி பதவியேற்பு, 4ஆம் தேதி தலைவர் தேர்வு. அதே மாதத்தில் பட்ஜெட்டையும் முடித்தாக வேண்டும்.

15 தாள்களையும் மேசையில் பரப்பிப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் முதல் வரி பேவர் பிளாக் சாலை. பணம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், சம்பளம், மின் கட்டணம், குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டியது என்று பொது நிதியில் பெரும்பகுதி முன்கூட்டியே போய்விடும். மத்திய அரசிடமிருந்து வந்த 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க முடிந்தது. மிச்சம் 40 சதவீதத்தில்தான் நம் விருப்பத்துக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. அதிலும் சம்பளம் போட முடியாது என்றிருந்தது.

"எல்லா வார்டுக்கும் சமமாப் போட்டுடுங்க சார், யாருக்கும் மனக்குறை வேண்டாம்" என்றார் தலைவரம்மா. அப்படியே போட்டோம். ஒரு வார்டுக்கு ஒரு சந்தில் பாதிக்குத்தான் சாலை வந்தது. மெம்பர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஓட்டுக் கேட்டுப் போன வாசலிலேயே அவர்கள் தினமும் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மே மாதம் ஆழ்குழாய் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. மாற்று மோட்டார் கையில் இல்லை. காயில் கட்டி வருவதற்குள் நான்கு நாள் ஆனது; ஊர் முழுக்க லாரித் தண்ணீர். மாற்று மோட்டார் வேண்டும் என்று 15 தாள்களில் ஒன்றில்கூட இல்லை. இருக்கவும் முடியாது, மோட்டார் எந்த வார்டுக்கும் சொந்தமில்லையே.

அப்புறம் நவம்பர் மழை. எங்கள் ஃபிட்டரின் அப்பா காலமாகிவிட்டார். மயானத்துக்குப் போகும் கடைசி நூறடி முழுக்கச் சேறு. பாடை தூக்கியவர்களின் கால் கணுக்கால்வரை புதைந்தது. ஒருவருடைய செருப்பு சேற்றோடு போய்விட்டது. எல்லாம் முடிந்து கைகால் கழுவத் தண்ணீர் இல்லை. அடிபம்பில் கைப்பிடி இல்லை. யாரோ டிவிஎஸ் 50இல் ஒரு நீல டிரம்மைக் கட்டி எடுத்து வந்தார்கள். வருஷம் முழுக்க ஊருக்கெல்லாம் குழாய் அடைப்பு எடுக்கும் மனிதர், கொள்ளி போட்ட கையை அந்த டிரம்மிலிருந்து மொண்ட ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு மெம்பர்களும் நின்றிருந்தார்கள். மயானத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அன்று ஒரு நாள் வருகிறார்கள். வீட்டுக்குப் போனதும் துக்கத்தில் அந்தப் பாதை மறந்துபோகிறது.

அடுத்த ஜனவரியில் மெம்பர்களின் தாள்களோடு நானும் ஒரு தாள் சேர்த்தேன். மேலே "16ஆவது வார்டு" என்று எழுதினேன். மாற்று மோட்டார், மயானப் பாதையும் தண்ணீர்த் தொட்டியும், பெரிய வாய்க்கால். மூன்றே வரிகள். மன்றக் கூட்டத்தில் அதை முதலில் வாசித்தேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. மோட்டாருக்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. லாரித் தண்ணீர் எல்லாருக்கும் நினைவிருந்தது.

மாட்டிக்கொண்டது வாய்க்கால்தான். அது 4ஆவது வார்டில் தொடங்கி, 9ஆவது வார்டு வழியாகப் போய், 12ஆவது வார்டில் ஏரியில் விழுகிறது. மழை வந்தால் 4இல் வீட்டுக்குள் தண்ணீர் வரும். அதனால் அந்த மெம்பர் தன் வார்டுப் பகுதியை மட்டும் கட்டித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கே மட்டும் அகலப்படுத்தினால் அவ்வளவு தண்ணீரும் 9ஆவது வார்டு வீடுகளுக்குள் இறங்கிவிடும். வாய்க்கால் வேலையை ஏரி முனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் 12இல் தண்ணீர் தேங்குவதே இல்லை. "எங்க தெருவைத் தோண்டிப்போட்டு ரெண்டு மாசம் அவதிப்படணும், பலன் வேற வார்டுக்கா?" என்று அந்த மெம்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இளநிலைப் பொறியாளரும் நானும் அவரை அழைத்துக்கொண்டு, மழை இல்லாத ஒரு காலையில் வாய்க்கால் நெடுக நடந்தோம். 9ஆவது வார்டில் ஒரு வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் சேற்றுக் கோடு இருந்தது. அந்த வீட்டு அம்மா அதற்கு மேல் உயரத்தில் கோலமாவு டப்பாவை மாட்டியிருந்தார். மெம்பர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் எஸ்டிமேட் போட மட்டும் ஒப்புக்கொண்டார்.

மோட்டார் அந்த வருடமே வந்தது. மயானத்துக்குப் பாதையும் குழாயும் தொட்டியும் மறு வருடம். தண்ணீர் விட்ட அன்று எங்கள் ஃபிட்டர்தான் கேட் வால்வைத் திறந்தார். வாய்க்காலில் ஏரி முனைப் பகுதி எஸ்டிமேட்டோடு நின்றிருந்தபோது எனக்கு மாறுதல் வந்துவிட்டது. பொறுப்பு ஒப்படைத்த அன்று புதிதாக வந்தவரிடம் சாவிகளையும் காசோலைப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டு, அந்தத் தாளையும் கொடுத்தேன். முதல் இரண்டு வரிகளை அடித்திருந்தேன். மூன்றாவதை அவர் இரண்டு முறை வாசித்துவிட்டு, "வாய்க்காலை ஒரு தடவை நடந்து பார்க்கலாமா சார்?" என்று கேட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பினோம்.