எல்லோரும் நிமிடத்துக்கு 20 தடவை மூச்சு விடுகிறார்கள்

எம்.டி. எமர்ஜென்சி மெடிசின் படிக்கும்போது தீசிஸுக்குத் தலைப்பு கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். "நம்ம வார்டுக்கு வர்ற ஆர்.டி.ஏ. கேஸை, அதான் சாலை விபத்துக் கேஸை, நாம எவ்வளவு ஒழுங்கா பாக்குறோம்னு அளந்து காட்டும்மா" என்றார் புரொஃபசர். இறந்தவர் எத்தனை, பிழைத்தவர் எத்தனை, எண்ணினால் முடிந்தது என்று நினைத்துச் சரி என்று சொல்லிவிட்டேன்.

அப்படி எண்ண முடியாது. முழங்கால் சிராய்ப்போடு நடந்து வந்தவரையும் லாரிச் சக்கரத்தில் சிக்கியவரையும் ஒரே கணக்கில் போட்டால், சிராய்ப்புக் கேஸ் அதிகம் பார்க்கும் ஆஸ்பத்திரிதான் முதல் பரிசு வாங்கும். அதனால் காயத்தின் கடுமைக்கு மதிப்பெண் போட வேண்டும். அதற்கு 1974இல் வந்த ஐ.எஸ்.எஸ். முறை இருக்கிறது. உடலை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் காயத்துக்கும் அதன் கடுமைக்கேற்ப ஓர் எண் கொடுத்து, அதிகம் அடிபட்ட மூன்று பகுதிகளின் எண்ணைத் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்ட வேண்டும். தலையில் 4, தொடை எலும்பு முறிவு 3, விலா 2 என்றால் 16, 9, 4, ஆக 29. பதினைந்தைத் தாண்டினாலே பெரிய காயம். ஆனால் ஒரே பகுதி என்பதால் இரண்டு தொடையும் முறிந்தாலும் அதே 9தான். இதைச் சரிசெய்ய 1997இல் ஒரு புதிய கணக்கு வந்தது, அதையும் சேர்த்தே போட்டேன்.

உண்மையான தலைவலி நேரத்தில்தான். வந்து எத்தனை நிமிடத்தில் டாக்டர் பார்த்தார், எத்தனை நிமிடத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக் கசிவை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் ஆசிட் எப்போது போனது என்று பார்க்க வேண்டும். அந்த மருந்து அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போனால்தான் பலன் என்பது, 40 நாடுகளில் இருபதாயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வின் தரவை 2011இல் மறுபடி அலசியபோது தெரிந்த விஷயம். கேஸ் ஷீட்டைத் திறந்தால் சி.டி. எடுத்த பிறகுதான் நோயாளி ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கிறார்! ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு பேர். பேய் பிடித்த வார்டா என்று யோசித்து, ஒரு ராத்திரி செல்போனை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கடிகாரமாகப் போய்ப் பார்த்தேன். காஷுவால்டி சுவர்க் கடிகாரம் ஆறு நிமிடம் முன்னால், சி.டி. மெஷின் பதினோரு நிமிடம் பின்னால். விபத்துக் கேஸ்களைப் பதியும் ஏ.ஆர். நோட்டில் எல்லோருமே 9.00, 9.15, 9.30 என்று ரயில் மாதிரி கச்சிதமாக வந்து சேர்ந்திருந்தார்கள். 108 ஆம்புலன்ஸ் தாளில் இருந்த நேரத்தை முதல் கடிகாரமாக வைத்து மற்றதையெல்லாம் கூட்டிக் கழித்தேன். இரண்டு மாதம் போனது.

ஒரு தாளில் மட்டும் நேரம் நிமிட சுத்தமாக இருந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் இல்லையா, அந்தக் கணக்குக்காக எழுதியது. பணம் என்று வந்தால் கடிகாரம் எப்படியோ சரியாக ஓடுகிறது.

அப்புறம் மூச்சு. பிழைக்கும் வாய்ப்பைக் கணிக்க ரத்த அழுத்தம், சுயநினைவு, மூச்சு எண்ணிக்கை மூன்றும் வேண்டும். எங்கள் ஷீட்டில் பாதிப் பேருக்கு மேல் மூச்சு 20. விலா உடைந்து நெஞ்சில் ரத்தம் தேங்கியவருக்கும் 20. சிஸ்டரிடம் கேட்டேன். "டாக்டர், முப்பது பேருக்கு ரெண்டு பேர் நிக்கிறோம், யார் ஒரு நிமிஷம் நின்னு எண்ணுறது" என்றார். நானும் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது 20 என்றுதான் எழுதியிருப்பேன், சந்தேகமே இல்லை.

கடைசிச் சிக்கல், வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்கள். எங்கள் வாசலைத் தாண்டிவிட்டால் அவர்கள் ஷீட்டில் 'ரெஃபர்டு' மட்டும்தான் இருக்கும். அவர்களை விட்டுவிட்டால் எங்கள் இறப்பு விகிதம் அழகாகத் தெரியும், அதுதான் உறுத்தியது. எத்திக்ஸ் கமிட்டியிடம் அனுமதி வாங்கி, முப்பது நாள் கழித்து ஒவ்வொரு எண்ணாகப் போன் போட ஆரம்பித்தேன். சிலரது வீட்டில் கேட்டதுமே அழுதுவிட்டார்கள், அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பல எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒருவர் மட்டும் தானே போனை எடுத்தார். தலையில் 4, வயிற்றில் 4 என்று நான் மதிப்பெண் போட்டவர். எப்படி இருக்கிறீர்கள் என்றேன்.

"யாருங்க, லோன் ஆபீஸா?" என்று எரிந்து விழுந்து, பட்டென்று வைத்துவிட்டார். உயிருடன் இருக்கிறார் என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.