செப்டிக் டேங்க் நிரம்புவதற்கு முன்பே மண் நிரம்பிவிடும்

ஓர் ஊருக்குக் கழிவுநீர்த் திட்டம் என்றதும் முதலில் வருவது, இன்னும் 30 வருடத்தில் ஜனத்தொகை எவ்வளவு என்ற கணக்கு. வேண்டியதுதான். ஆனால் அத்தனை பேரும் எந்த மண்மேல், எவ்வளவு நெருக்கமாகக் குடியிருப்பார்கள் என்பதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள், என் எரிச்சல் அங்கேதான்.

செப்டிக் டேங்க் செய்வது பாதி வேலை. கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவிலுள்ள கலங்கல் தண்ணீர் உறிஞ்சுகுழிக்குப் போய்விடும். மீதி வேலை மண்ணுடையது. களிமண் என்றால் தண்ணீர் இறங்காமல் தரைக்கு மேலே ஊறி நிற்கும், நாற்றத்தோடு. மணல் என்றால் சர்ரென்று இறங்கிவிடும், பிரச்சினையே இல்லாத மாதிரி தெரியும், ஆனால் கிருமிகளை வடிகட்ட நேரமே கிடைக்காமல் அது நிலத்தடி நீரோடு கலக்கும். என்னைக் கேட்டால் இதுதான் ஆபத்தானது, நாற்றம் வந்தாலாவது யாராவது கவனிப்பார்கள்.

மண் எவ்வளவு உறிஞ்சும் என்று பார்க்க எளிய சோதனை உண்டு. குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி மண்ணை நன்றாக ஊறவைத்து, அப்புறம் நீர்மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் உறிஞ்சுகுழி சரிவராது. இதைக் கோடையில் மட்டும் செய்துவிட்டு, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குழியின் அடிவரை ஏறுவதை மறந்தால் சோதனை செய்தும் பயனில்லை.

சரி, ஜனத்தொகைக்கு வருவோம். ஆண்டுக்கு 3 சதவீதம் வளர்ந்தால் சுமார் 24 வருடத்தில் இரண்டு மடங்கு. ஆனால் மண்ணுக்குத் தலைக்கணக்கு தெரியாது, ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு கழிவுநீர் வருகிறது என்பதே அதற்குக் கணக்கு. ஒரு வீட்டைத் தாங்கிய மனையை நான்காகப் பிரித்துக் கட்டினால் கழிவிலிருந்து உருவாகும் நைட்ரேட் என்ற உப்பும் நான்கு மடங்கு இறங்கும், அதை மண் பெரிதாகப் பிடித்துவைப்பதில்லை. குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

அதற்காக எடுத்தவுடனே 30 வருட ஜனத்தொகைக்குப் பெரிய பாதாள சாக்கடைக் குழாயைப் புதைப்பதும் சரியில்லை. பெரிய குழாயில் கொஞ்சம் கழிவுநீர் மெதுவாகத்தான் ஓடும், நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது இல்லையென்றால் கசடு படியும், அது அழுகி ஹைட்ரஜன் சல்பைடு வரும், அந்த வாயு அமிலமாக மாறிக் கான்கிரீட்டையே அரிக்கும். இப்போதைக்கு அளவாகப் போட்டு, விரிவாக்க இடத்தை மட்டும் தாழ்வான பகுதியில் ஒதுக்கிவைப்பதே மேல் என்பது என் எண்ணம்.

பாதாள சாக்கடை வந்த பிறகும் மண் விடாது. நீர்மட்டம் மேலே இருக்கும் இடத்தில் குழாய் இணைப்புகள் வழியாக நிலத்தடி நீர் உள்ளே கசியும், மழைக்காலத்தில் சுத்திகரிப்பு நிலையம் யாரும் பயன்படுத்தாத தண்ணீரையும் சேர்த்துச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்.